ஈரம் அண்டாத இடம்

காட்டுப்பன்றிகளை விரட்டச் சவரிராயன் தன் காப்பித் தோட்ட வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தான். தோட்டாக்கள் பத்து மழைக்காலங்களாகக் குளியலறைப் பரணில், ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. ஈரத்தில் அவற்றின் பித்தளை அடி பச்சை பூத்து, அட்டைக்கூடு ஊதியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மகளின் கையை அவன் முறித்த அன்று, மனைவி அமலோற்பவம் துப்பாக்கியில் இரண்டு தோட்டாக்களைப் போட்டு அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். விசையை இழுத்தபோது 'டிக்' என்றது. இரண்டாவதும் அப்படியே. வெளிறிப்போயிருந்த அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அன்று அடிக்கவில்லை.

டீக்கடையில் அதை வேடிக்கையாகச் சொன்னான். "நமுத்துப்போன தோட்டா மச்சான். உன் தங்கச்சி மாதிரியே." அவளுடைய அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

மறுவாரம் டவுனிலிருந்து புதுத் தோட்டாக்கள் வாங்கிவந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அவளுடைய கல்யாணப் பட்டு இருந்த பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"இங்கதான் ஈரம் அண்டாது. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இன்னொரு தடவ உனக்கு அந்தத் தைரியம் வராது."

அமலோற்பவம் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். "சோறு ஆறுது."