சுத்தமான கச்சேரி

வேணி டீச்சரின் பழுதான மெமரி கார்டு, அரியலூர் செல்போன் கடைக்காரன் இளவரசனை மூன்று நாள் படுத்தி எடுத்துவிட்டது. அதில் இருந்தது ஒரே ஒரு கச்சேரி. யாரோ ரஷ்யக்காரர் இயற்றியதை மாஸ்கோவில் நாலு பேர் வயலினும் செல்லோவுமாக வாசித்தபோது அரங்கில் உட்கார்ந்து யாரோ பதிவு செய்தது.

"இது போனா எனக்கு வேற நாதியில்ல தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

"கார்டு செத்துப்போச்சு டீச்சர். ஆனா கச்சேரியைக் காப்பாத்திட்டேன். எவனோ நடுநடுவுல இருமித் தொலைச்சிருந்தான். அதையும் சுத்தமா எடுத்துட்டேன்!"

"இருமலை எடுக்காத பழைய பதிவு இருக்கா?"

"இடத்தை அடைக்குதுன்னு அழிச்சுட்டேங்க."

ஹெட்போனை மாட்டிக் கடைசிவரை கேட்ட டீச்சர், மெல்லக் கழற்றி வைத்தார்.

"இருமினது எங்க வூட்டுக்காரரு தம்பி. மாஸ்கோவுல வேலை பார்த்தப்ப அவரே பதிவு பண்ணது. போய்ச் சேர்ந்து ஆறு வருசமாச்சு. இந்த வயலின் எல்லாம் எனக்கு ஒண்ணும் புரியாது."