விதிவிலக்கு

ஓமன் நாட்டின் சோஹாரில் நர்ஸாக இருக்கும் தேவகனி, டியூட்டிக்குக் கிளம்புமுன் ஒருவழியாகச் சென்னை ஸ்காலர்ஷிப் அலுவலகத்தைப் போனில் பிடித்துவிட்டாள்.

“சார், மக பிளஸ் டூவுல தொண்ணூத்தாறு பர்சென்ட். காலேஜ் படிக்க அரசாங்க ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?”

“எந்த ஸ்கூல்?”

“ஸ்கூல் இல்ல சார். இங்க ஃபீஸ் கட்ட முடியல. வீட்டுல வச்சு நானே சொல்லிக் குடுத்து, பிரைவேட்டா பரீட்சை எழுத வச்சேன்.”

“ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்களுக்குத்தாம்மா குடுப்போம்.”

“வேற வழியே இல்லியா சார்?”

“தாயோ தகப்பனோ இறந்திருந்தா மட்டும் விதிவிலக்கு உண்டு. நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல?”

“இருக்கோம் சார்.”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாது.”

தேவகனி போனை வைக்கவில்லை.

“விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்னைக்கு சார்?”

“ஜூலை முப்பத்தொண்ணு. அதான் கிடைக்காதுன்னு சொல்லிட்டேனேம்மா!”

“சும்மாதான் கேட்டேன் சார்.”

மகள் ரெஷ்மா ஓடி வந்தாள். “என்னம்மா சொன்னாங்க?”

“கிடைச்சிரும் மக்ளே. அப்பா ஊருக்குக் கூட்டிட்டுப் போயி ஃபார்ம் போடுவாங்க.”

“நீயும் வருவேல்ல?”

தேவகனி மகளின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பீரோவில் துணிகளுக்கு அடியில் அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. ஆகஸ்டைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் காலேஜில் சேர்வதைப் பார்க்கும்வரையாவது உயிரைக் கொடு என்றுதான் இத்தனை நாளும் ஜெபித்தாள்.

இன்று முழங்காலிட்டாள்.

“ஆண்டவரே, ஜூலை பிறக்கும்போதே என்னய எடுத்துக்கிடும். இங்கேருந்து பேப்பர் கிளியராகி என் உடம்பு ஊருக்குப் போகவே ரெண்டு வாரம் ஆகும்.”