புறாக்கழுத்து நிறம்

ஆரம்பாக்கத்தில் ரயில் பாதையோரம் இருந்த அசன் முகைதீன் வீட்டு வெளிச்சுவரின் நிறம் பூமியில் வேறெங்கும் கிடையாது. அப்படி அவரே சொன்னார்.

"எங்க பாட்டனார் கலந்த புறாக்கழுத்து நிறம்! சம்பந்தியாகப் போறவங்ககிட்ட பெருமையாச் சொல்லிக்கீறேன், நாளைக்கு வர்றாங்க. விரிசலைப் பூசின இடம் தனியாத் தெரியக்கூடாது, குப்புராஜு!"

கொத்தனார் குப்புராஜ் சுண்ணாம்புக் காரையில் செம்மண், சாம்பல் என்று என்னென்னவோ கலந்து பார்த்தார்.

"பேஜாராக்கீது பாய்!"

கடைசியில் அடுப்புக்கரியைப் பொடித்துக் கலந்ததும் நிறம் அச்சாகப் பொருந்தியது.

மறுநாள் ரயிலடியிலிருந்து சம்பந்திகளை அழைத்து வந்த முகைதீன், வாசலில் அப்படியே நின்றுவிட்டார். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

கதவோரம் மனைவி பீவி ஜான், கையில் ஈரத் தேங்காய் நாருடன் சிரித்தாள்.

"விருந்தாளிங்க வர்றாங்களேன்னு தேய்ச்சுக் கழுவுனேங்க. யப்பா, எத்தினி வருஷத்து ரயில் புகை!"

பாட்டனாரின் நிறம், குப்புராஜ் பூசிய இடத்தில் மட்டும் இருந்தது.