பச்சை ஸ்டிக்கர்

"அந்த ஸ்டிக்கரை மட்டும் கிழிச்சிடாதீங்கண்ணா!"

செந்தாமரை போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கண்ணப்பனின் கை அப்படியே நின்றது. பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி, துடைத்து, சரிபண்ணி விற்கிற கடை அவருடையது. ஒரகடம் கூட்ரோட்டில் பதினோரு வருஷ வியாபாரத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"இன்னாம்மா, ஸ்டிக்கர் இருந்தா பழசுன்னு தெரிஞ்சிடும், சுரண்டிக் குடுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நீ வேணும்ன்ற?"

"இருக்கட்டும்ணா."

பச்சை வட்டம், நடுவில் ஒரு பல்சக்கரம், கீழே ஏதோ நம்பர். அதையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இது ஐந்தாவது கடை. மறைமலை நகர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பியிருந்தாள். கால் இரண்டும் கழன்று விழாத குறை.

ஆன்லைன் கடை ஒன்றுக்கு வருகிற புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் டைப் செய்கிற வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கம்ப்யூட்டர் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"எட்டு ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., கேமரா. இதெல்லாம் கீதாண்ணா?" வேலைக்கு வேண்டியதை எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்க்காமலே கேட்டாள். நாலு கடையில் ஒப்பித்து மனப்பாடமாகிவிட்டது.

"எல்லாம் கீது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேத்து பதினாறாயிரம். ஆறு மாசம் வாரண்டி."

"பதினாலுதாண்ணா என்னாண்ட கீது. பாத்து சொல்லுங்க."

"கட்டுப்படி ஆவாதும்மா. அது சரி, அந்த ஸ்டிக்கர் உனுக்கு எதுக்கு?"

செந்தாமரைக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. "எங்க வூட்டுக்காரர் சட்டைப் பாக்கெட்ல இதே படம்தாண்ணா. வல்லம் வடகால்ல இந்தக் கம்பெனியிலதான் வேலை. சாயங்காலம் வந்ததும் பாக்கட்டும். உங்க கம்பெனியே நம்ம வூட்டுக்கு வந்துடுச்சு பாருங்கன்னு சொல்லணும்."

கண்ணப்பன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "எந்த ஷிப்டும்மா?"

"ஃபர்ஸ்ட் ஷிப்டு. அஞ்சரைக்கே கெளம்பிடுவாரு. தெனமும் நான்தான் சட்டைய தோய்ச்சி இஸ்திரி போட்டு அனுப்பறேன். முன்னெல்லாம் எண்ணெய்க் கறைய எவ்ளோ கசக்கினாலும் போவாது. இப்ப நல்ல லைனா பாத்து மாத்திட்டாங்க போல, கறையே இல்ல. காலர்ல ரோட்டுத் தூசிதான் அப்பிக்கினு கீது. ஆனா ஓ.டி. போட்டே கொல்றாங்கண்ணா. மனுஷன் தேஞ்சே போயிட்டாரு. என் சம்பளம் மட்டும் வரட்டும், மொத வேலையா அந்த ஓ.டி.ய நிறுத்தறேன்."

கண்ணப்பன் அந்த ஸ்டிக்கரை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, "பன்னெண்டு குடும்மா, போதும்" என்றார்.

செந்தாமரைக்குத் திக்கென்றது. கேட்டபோது குறைக்காத கடைக்காரர் கேட்காதபோது குறைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அவள் புருஷன் எல்லப்பன்தான். அது பழைய போன். ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சு கேட்கும்.

"செந்தாமர, இன்னிக்கும் ஓ.டி.தான்டி. பஞ்ச் வெச்சிட்டு கெளம்பலாம்னு கம்பெனி கேட்டாண்ட வந்தேன், சூப்பர்வைசர் புடிச்சி நிறுத்திட்டாரு. ஏழு மணி ஆவும். எனக்காகக் காத்துகினு இருக்காத, நீ சாப்டு."

"சரிங்க. டீயாவது குடிங்க. வெறும் வயித்தோட நிக்காதீங்க."

போனை வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "கேட்டீங்களாண்ணா? தெனமும் இதே கததான். உங்களால மிச்சமாவற ரெண்டாயிரத்துல அவருக்கு சேஃப்டி ஷூ வாங்கிடறேன். பழசு அடி தேஞ்சி ஓட்டையே வுழுந்துடுச்சி. கேட்டா, இந்த வருஷம் கம்பெனியில குடுக்கலன்றாரு."

கண்ணப்பன் நிமிரவே இல்லை. அது அவளுக்கு இன்னும் பயத்தைக் கிளப்பியது.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமா போவும். நகைய வெச்சி வாங்கியாந்த காசு இது. மெஷின்ல இன்னா கோளாறுன்னு உண்மைய சொல்லிடுங்க."

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா."

"அப்ப எதுக்குக் கொறச்சீங்க?"

அவர் எழுந்து உள்ளே போனார். ஏலத்தில் எடுத்து வந்து அடுக்கியிருந்த சாமான்களுக்கு நடுவே தேடி, உள்ளங்கை அகலத்தில் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். விரல் வைத்துப் பதிகிற பஞ்சிங் மெஷின். அதன் தலையிலும் அதே பச்சை வட்டம், அதே பல்சக்கரம். விரல் வைக்கிற கண்ணாடியில் தூசி படிந்திருந்தது.

"ஷூ வாங்காதம்மா" என்றார் கண்ணப்பன். "அந்தக் கம்பெனிய மூடி நாலு மாசமாச்சி."