ஒற்றை மாட்டுப் பால்

பசுவா, எருமையா, ஆடா என்று ஒரு சொட்டு நாக்கில் பட்டாலே சொல்லிவிடுவேன். அந்த மாடு நேற்று யாரோடு சண்டை போட்டது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் பால் நிலையத்தில் என் நாக்குக்கு மதிப்பில்லை. கண்ணாடிப் பால்மானி அமிழ்ந்தால் தண்ணீர், அவ்வளவுதான் சட்டம்.

ஒற்றை மாட்டுக்காரி தினமும் முதல் ஆளாக வந்துவிடுவாள். அன்றும் மானி அமிழ்ந்தது.

"தண்ணி கலந்திருக்கேம்மா."

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்லண்ணே! கறந்த கையோட ஓடி வர்றேன்."

"மானிக்கு உன் புள்ளைங்களத் தெரியாதே. இது மூணாவது தடவை. இனிமே உன் பாலை வாங்க முடியாது."

"இந்த மாட்டை வச்சுத்தாண்ணே அடுப்பு எரியுது. நாக்குல வச்சாவது பாருங்கண்ணே!"

வைத்துப் பார்த்தேன்.

"தண்ணிதாம்மா."

மாட்டை விற்கக் கிளம்பினாள். தண்ணிப் பால் மாடு என்று பெயர் கெட்டதால் யாரும் கேட்கவில்லை. நான்தான் பரிதாபப்பட்டு வாங்கினேன். கறக்கும் வேலையையும் அவளுக்கே கொடுத்தேன்.

கறந்த சூட்டோடு அளந்தால் நல்ல பாலிலும் மானி அமிழும். அதனால் நான் ஆறவைத்தே கொண்டுபோகிறேன்.

"உங்க வீட்டுக்கு வந்தப்புறம்தாண்ணே இந்தச் சனியனுக்குப் புத்தி வந்திருக்கு" என்று மாட்டைத் திட்டிக்கொண்டே கறக்கிறாள்.