சாட்சிக்கு ஒரு கொத்தனார்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் கொத்தனார் சங்கிலி சிமெண்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா வரச்சொன்னாராம்.

நதியா திறந்த கதவைப் பாதி சாத்தினாள்.

அல்லிநகரத்தில் அந்த வீட்டின் வாடகையைக் கோர்ட் நிர்ணயித்து மூன்று வருடம் ஆகிறது. வழக்கில் தோற்ற வீட்டுக்காரி இருளம்மாள் கீழே இருந்தாள். ஜெயித்த நதியாவும் புருஷன் பாண்டீஸ்வரனும் மாடியில். அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை வாய் நிறையக் கூப்பிட்ட 'பெரியம்மா'வும் நின்றது. வாடகை மணியார்டராகத் தபால் ஆபீசுக்குப் போய், ஊரைச் சுற்றிக் கீழ் வீட்டுக்கு வந்து சேரும்.

கோர்ட் நிர்ணயித்த வாடகையை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. குடியிருப்பவர் கேட்டு, புதிதாக ஏதாவது செய்து கொடுத்தால் மட்டும் ஏற்றலாம். அதனால் வக்கீல் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: வாயைத் திறந்து எதையும் கேட்டுவிடாதே.

நதியா கேட்கவில்லை. மழைக்கு ஒழுகிய இடத்தில் சட்டியை வைத்துக்கொண்டாள்.

போடிமெட்டில் ஏலத்தோட்டத்து ஜீப் கவிழ்ந்து, அதை ஓட்டிய பாண்டீஸ்வரனின் இடுப்பெலும்பு உடைந்த பிறகும் கேட்கவில்லை. குத்த வைக்க முடியாதவனைக் கக்கூசில் தினமும் அவள்தான் தாங்கிப் பிடித்தாள். வலியில் கத்துவான். பெண்டாட்டி முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று கூசிப்போய் அழுவான்.

சொந்தச் செலவில் மாற்றலாமென்றால், கட்டிடத்தை இடித்தாள் என்று காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகிவிடும். சம்பாத்தியம் நின்றுபோன வீடு. வாடகை ஏறினாலும் தெருதான், காலி செய்தாலும் தெருதான்.

"அண்ணே, நாங்க கேக்கல. எடுத்துட்டுப் போயிருங்க."

வாசலை மறித்து நின்றாள்.

இருளம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். மூன்று வருடத்தில் இப்போதுதான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கேக்கலல்ல? அதைச் சத்தமாச் சொல்லு. சங்கிலி காதுல விழட்டும், நாளைக்குச் சாட்சிக்கு ஆள் வேணும்."

இதில் என்ன வில்லங்கமோ என்று நதியா பயந்தாள். இருந்தாலும் சொன்னாள். மெதுவாகத்தான்.

"இன்னும் சத்தமா. நீ கேக்காம நானா வச்சா, பின்னால எனக்கே புத்தி மாறினாலும் ஒரு பைசா ஏத்த முடியாது. கேஸுல தோத்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

பிறகு நதியாவைப் பார்க்காமல் சங்கிலியிடம் சொன்னாள். "விடிஞ்சா அந்தப் பிள்ளை வலியில போடுற சத்தம் கீழ வரைக்கும் வருதுய்யா. எனக்குச் சோறு எறங்கல."

நதியா வழிவிட்டு நின்றாள். சாட்சிக்கு எட்டும்படி நன்றாகவே சொன்னாள்.

"நாங்க கேக்கல, பெரியம்மா."