காபிக் கோப்பையில் எச்சில்

"என் காபிக் கோப்பையிலயே துப்பி வெக்கிறான், தம்பி. புகையிலைச் சாறு. காலையில தூக்கக் கலக்கத்துல நான் அதைக் காபின்னு நெனச்சு வாய் வரைக்கும் கொண்டுபோயிட்டேன்."

சொல்லிவிட்டு வெர்னா குபியாக் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கர்ட் லிண்ட்ஹோம் பாதி தின்ற ஹாட் டாகைக் காலடியில் வைத்துவிட்டார்.

ஊர் ஊராகப் போய் இளம் பேஸ்பால் ஆட்டக்காரர்களை எடைபோடுவது கர்ட்டின் வேலை. அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு மறுநாள் முடிகிறது. அவருடைய அணி ஒரு மூத்த மட்டையாளரைக் கொடுத்துவிட்டு, ஐயோவா மாநிலத்தின் இந்தச் சின்ன ஊரில், வேறொரு பெரிய அணி நடத்தும் ஹெரன்ஸ் என்ற கீழ்மட்ட அணியில் வளரும் ஒரு பையனை வாங்கப்போகிறது. எந்தப் பையன் என்பதை இன்று அவர் சொல்ல வேண்டும்.

பட்டியலில் முதல் பெயர் இவான் பரேதா. இருபத்தொரு வயது. மணிக்குத் தொண்ணூற்றேழு மைல் வேகத்தில் பந்து வீசுகிறான்.

கை எப்படி என்பதைப் பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானி சொல்லிவிடும். ஆள் எப்படி என்பதை அவன் தங்கியிருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே போதாத இந்தப் பையன்களுக்கு, சீசன் முழுக்க ஊர்க்காரர்கள்தான் அறை கொடுத்துச் சாப்பாடும் போடுகிறார்கள். பரேதாவை வைத்திருப்பவள் வெர்னா. தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவள், ஹெரன்ஸின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவள்.

பார்வையாளர் படியில் கர்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், எந்த அணிக்காரர் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அப்புறம் மூடவே இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் ஈரக் காலுறை. சோபா இடுக்கில் கால் நகம். குடித்துவிட்டு வந்து குளியல் தொட்டியில் வாந்தி. அதை மறுநாள் வரைக்கும் அப்படியே விட்டுவைத்தானாம்.

போன வருடம் கர்ட் கைகாட்டிய ஒருவன் ஓட்டல் லிப்டுக்குள் வாந்தி எடுத்தது செய்தித்தாள் வரை போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேகமானியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவர் குரல் இன்னும் காதில் கிடந்தது.

பேச்சை மாற்ற, வெர்னாவின் தொப்பியில் வரிசையாகக் குத்தியிருந்த ஆறு வில்லைகளைக் காட்டி, இவர்களெல்லாம் யார் என்று கேட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பையனின் முகம்.

"இங்க வளந்தவங்க. ஜூலை வந்தா எங்க பெரிய அணி ஒருத்தனை வித்துத் தின்னுடும். பதிலுக்கு முட்டி தேஞ்ச கிழவன் எவனாவது வருவான். நாலாவது இடத்துல கெடந்துக்கிட்டு அவங்களுக்குக் கோப்பைக் கனவு வேற. காறித் துப்பணும்போல வருது."

இந்த அம்மாவுக்கு யாரைக் கண்டாலும் அருவருப்புதான் போலிருக்கிறது என்று கர்ட் நினைத்துக்கொண்டார்.

கீழே ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் ஒவ்வொருவன் காலடியிலும் சூரியகாந்தி விதைத் தோலும் எச்சிலும் குட்டையாகக் கிடந்தன. மென்று துப்பாதவர்கள் அங்கே யாருமில்லை. பரேதாவின் வாய் மட்டும் அசையவில்லை. அவன் காலடித் தரை காய்ந்திருந்தது. கர்ட் அதைச் சொன்னார்.

"வெளிய வேஷம், தம்பி. வீட்டுக்கு வந்து பாருங்க."

ஆறாவது இன்னிங்ஸில் பரேதாவின் பந்துக்கு வேகமானி தொண்ணூற்றிரண்டு காட்டியது. நாலரை மணி வெயிலில் யாருக்கும் கை தளரும். ஆனால் நேற்றும் அவன் வீடு திரும்பும்போது விடிகாலை மூன்று மணி என்று வெர்னா முணுமுணுத்ததும் கர்ட் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

ஆட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்று மடக்கு போனைத் திறந்தார். பரேதா வேண்டாம், இரண்டாவது பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது ஒரு சுமாரான மட்டையாளன். நிச்சயம்தானா என்று மேலாளர் இரண்டு முறை கேட்டார். கர்ட் இரண்டு முறையும் நிச்சயம் என்றார்.

காரில் ஏறும்போதுதான் வேகமானியை இருக்கையிலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனார்.

காலியான படிகளில், முதுகைக் காட்டியபடி வெர்னா உட்கார்ந்திருந்தாள். குளித்து ஈரம் காயாத தலையோடு பரேதா பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் குடித்து மீதி வைத்த கோப்பையை அவள் வாங்கினாள். துடைக்கக்கூட இல்லை, அப்படியே வாயில் வைத்துக் குடித்து முடித்தாள்.

கர்ட் படியிலேயே நின்றுவிட்டார்.

"வெர்னாம்மா, ஆட்டம் முழுக்க உங்க பக்கத்துல ஒருத்தர் இருந்தாரே, யாரு அவரு?"

"உன்னைக் கொண்டுபோக வந்த நாலாவது ஆளு. அவனும் ஓடிட்டான்."